பிளாக்கா, செங்கல்லா? வீட்டுமனைப் பக்கக் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீட்டுமனை இணைப்பில் சுவர்க் கற்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செங்கல்லின் காலம் முடிந்துவிட்டது, இனி வீடு கட்டுகிறவர்கள் ஏ.ஏ.சி. என்கிற, உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த லேசான பிளாக்கைத்தான் வாங்க வேண்டும், கம்பிச் செலவு பெருமளவு குறையும், வேலை சீக்கிரம் முடியும், மதுரை வெயிலுக்கு வீடு ஏசி போட்ட மாதிரி இருக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார் எழுதியவர். அதை வெட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் வந்து, "மேஸ்திரி, பேப்பர்லயே போட்டுட்டாங்க, இதுலதான் கட்டணும்" என்கிறார். அவருடைய மனை திருமங்கலம் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து உங்களுக்கு எழுதுகிறேன். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மண்ணைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எனக்கு எந்தக் கல்லோடும் பகை இல்லை, எந்தச் சூளைக்காரருக்கும் நான் வேண்டியவனும் இல்லை. அப்பா கொத்தனார். நான் ஒத்தக்கடையில் இருந்துகொண்டு மேலூர், திருப்புவனம், திருமங்கலம் பக்கம் தனி வீடுகள் எடுத்துக் கட்டுகிறேன். செங்கல், பொந்தில்லாத கான்கிரீட் கல்லான சாலிட் பிளாக், அனல் மின் நிலையச் சாம்பலில் செய்கிற சாம்பல் கல், அந்தக் கட்டுரை புகழ்கிற ஏ.ஏ.சி. எல்லாவற்றிலும் சுவர் எழுப்பியாயிற்று. என் சண்டையெல்லாம் 'எந்தக் கல் நல்லது' என்கிற கேள்வியோடுதான். கடைசியில் கேட்க வேண்டியதை எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். மண் எப்படி, பாரம் எது வழியாகத் தரைக்கு இறங்கப் போகிறது, கட்டப் போகிற கொத்தனாருக்கு என்ன பழக்கம், இவையெல்லாம் முடிவான பிறகு கல்லைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பாதி நேரம் பேசவே வேண்டியிருக்காது, கல் தானாக முடிவாகிவிடும்.

மண்ணிலிருந்து வருகிறேன். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்துக் கரிசல் மழையில் ஊதும், பங்குனி சித்திரையில் சுருங்கி வாய் பிளக்கும். அந்த வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதன் மேல் வழக்கம்போல மூன்றடிக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி தோண்டி, கருங்கல் கட்டு போட்டு, மேலே வெள்ளியில் கல் செய்து அடுக்கினாலும் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாக விரியத்தான் செய்யும். கரிசல் நாலைந்து அடியோடு முடிந்து கீழே கிராவல், அதாவது கெட்டியான சரளை மண் தட்டினால், அதை முழுக்க அள்ளிவிட்டுக் கிராவலில் போய் உட்கார்ந்துவிடலாம். ஆழமாகப் போகிறது என்றால் அண்டர் ரீம்டு பைல்தான். கையால் திருகும் ஆகரிலேயே பதினொன்று, பன்னிரண்டு அடி துளையிட்டு, அடியில் தண்டைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ் வெட்டி, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் போட்டு, தலைப்பை எல்லாம் பீமால் ஒன்றோடொன்று கட்டுவார்கள். அந்த ஆழத்தில் மழையும் வெயிலும் மண்ணின் ஈரத்தைப் பெரிதாக மாற்றாது, அதனால் கால் அசையாது. பீமுக்கு அடியில் மண் ஊதுவதற்குக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். நம் ஆட்கள் அதில் மண்ணைத் தள்ளி நிரப்பிவிடுவார்கள், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்துக் கொடுத்த முறை இது, ஐ.எஸ். 2911 என்கிற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதியில் விவரமாக இருக்கிறது. புதுசு ஒன்றும் இல்லை. கட்டுரையைக் கொண்டுவந்த அந்த அண்ணாச்சிக்கு பிளாக்கில் மிச்சம் பிடிக்கிற பணத்தை முதலில் இதில் போடுங்கள் என்றுதான் சொன்னேன். அவர் முகம் அவ்வளவாக மலரவில்லை, பூமிக்குள் புதைகிற செலவை யாருக்கும் பிடிப்பதில்லை.

மேலூர், அழகர்கோயில் பக்கம் கதை வேறு. செம்மண், கிராவல், கொஞ்சம் தோண்டினால் பாறை. அங்கே ஒரு மாடி வீட்டுக்குப் பில்லரே தேவையில்லை என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பில்லர் போட்டால்தான் வீடு என்பது நம் ஊரில் எப்படியோ பதிந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். சாதாரண அறை அளவுள்ள ஒரு மாடி வீட்டில், ஒன்பது அங்குலச் சுவரின் அடியில் விழுகிற அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரை நியூட்டனைக்கூடத் தொடாது. செங்கல்லுக்கான ஐ.எஸ். 1077 விதியில் ஆகக் கடைசி வகுப்புக் கல்லே 3.5 நியூட்டன் தாங்க வேண்டும். கல் தாங்குவதை அப்படியே சுவர் தாங்காது, அதனால் ஐ.எஸ். 1905இல் கல்லின் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் சுவருக்கு அனுமதிக்கிறார்கள், சுவரின் உயரத்தையும் கனத்தையும் பார்த்து அதிலும் குறைப்பார்கள். அப்படிக் குறைத்தாலும் 5 அல்லது 7.5 நியூட்டன் தாங்குகிற சேம்பர் சூளையில் சுட்ட நல்ல செங்கல்லில் கட்டின சுவர் ஒரு மாடியைத் தூக்கும். ஜன்னல் வாசல்களைச் சுவர் மூலையில் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது, மேல்மாடிச் சுவர் கீழ்மாடிச் சுவரின் தலையில்தான் வர வேண்டும், லிண்டல் மட்டத்தில், அதாவது ஜன்னல் வாசல்களின் தலைக்கு மேலே, வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இதையெல்லாம் என்ஜினீயர் ஒருவர் வரைந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்க ஆசைப்படுகிறவர்களும், கீழே கார் நிறுத்த இடம் வேண்டும் என்கிறவர்களும் பில்லர்தான் போட்டாக வேண்டும். வயலைத் தூர்த்துப் போட்ட மனையிலும் அப்படித்தான், அதுவும் கொட்டிய மண்ணைத் தாண்டிப் பழைய வயல் மட்டத்துக்கும் கீழே போன பிறகு.

இப்போது கம்பிக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையில் என்னை உசுப்பிவிட்டது அந்த இடம்தான். ஏ.ஏ.சி. எடை குறைவு என்பது உண்மை. ஒரு சதுர அடி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பூச்சு இல்லாமலே நாற்பது கிலோவை ஒட்டி வரும், எட்டு அங்குல ஏ.ஏ.சி. சுவர் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோதான். எட்டு மாடி, பத்து மாடி என்று அடுக்குமாடி கட்டுகிறவனுக்கு இது பெரிய லாபம், தூணில் இருந்து அஸ்திவாரம் வரை எல்லாம் சிறுத்துவிடும். ஆனால் நம் ஆட்கள் கட்டுவது தரைத்தளமும் ஒரு மாடியும். அதற்குப் போடுகிற ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலத் தூணில், ஐ.எஸ். 456 விதிப்படி பொதுவாகத் தூணின் பரப்பில் 0.8 சதவீதத்துக்குக் குறையாமல் கம்பி இருக்க வேண்டும். 12 மில்லி கம்பி என்றால் நாலு போதாது, ஆறு போட வேண்டும். செங்கல் வைத்தாலும் அதே ஆறு, பிளாக் வைத்தாலும் அதே ஆறு. பீமில் ஏதோ கொஞ்சம் மிஞ்சும், மறுக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கம்பிச் செலவு பெருமளவு குறையும் என்று ஒரு மாடி வீட்டுக்காரரிடம் சொல்வது கம்பெனி நோட்டீஸைத் திருப்பி வாசிப்பதுதான்.

அடுத்தது கை. நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் விரிசல் என்று கூப்பிட்டார், போய்ப் பார்த்தேன். புது வீடு, பில்லர் வீடு, சுவர் முழுக்க ஏ.ஏ.சி. ஒவ்வொரு பில்லரும் சுவரும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழாக நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு, அப்புறம் பீமுக்கு அடியில் படுக்கையாக ஒரு கோடு, நடுச் சுவரில் பிளாக் அடுக்கின இணைப்பு வழியாகவே படிப்படியாக இன்னொன்று. பின்பக்கம் இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே சித்தாள் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து, செங்கல்லை முக்குகிற மாதிரியே பிளாக்கை முக்கி முக்கி எடுத்துக் கொடுக்க, கொத்தனார் ஒரு அங்குலத்துக்குக் கலவை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது, அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை அது. செங்கல் குமிழி அடங்கும் வரை ஊற வேண்டும், இல்லாவிட்டால் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். ஏ.ஏ.சி. என்பது சிமெண்ட், சுண்ணாம்பு, சாம்பல் கலவையில் அலுமினியத் தூளைப் போட்டு, அதில் கிளம்புகிற வாயுவில் பொங்க வைத்து, வெட்டி, நீராவி அழுத்தத்தில் வேக வைத்த கல். உள்ளே எல்லாம் காற்றுக் குமிழ். அதை டிரம்மில் முக்கினால் டீயில் முக்கின ரஸ்க் மாதிரி இழுத்துக்கொள்ளும், பூச்சுக்கு அடியில் காயக் காயச் சுருங்கும், சுருங்குகிறபோது எங்கே பிடிப்பு குறைவோ அங்கே கிழியும். அதற்கு முகத்தை மட்டும் லேசாக ஈரப்படுத்தினால் போதும், இணைப்புக்கு அதற்கென்று வருகிற பசைச் சாந்து மூன்று மில்லி கனத்துக்கு. பில்லரோடு சேருகிற இடத்தில் சுவருக்குள் கம்பியோ தகடோ விட்டுப் பிடிக்க வேண்டும், பூசும்போது அந்த இணைப்பின் மேல் கோழி வலையோ ஃபைபர் வலையோ அடிக்க வேண்டும். பீமுக்கு அடியில் சின்ன இடைவெளி விட்டு, மேல்தளப் பாரமெல்லாம் இறங்கின பிறகு கடைசியில் அடைக்க வேண்டும். நாலு அங்குலச் சுவர் என்றால் மூன்று, நாலு அடிக்கு ஒரு முறை மெல்லிய கான்கிரீட் பெல்ட். எலக்ட்ரீஷியன் சுத்தியலால் கொத்தக் கூடாது, மிஷின் வைத்து வெட்டிக் குழாய் பதிக்க வேண்டும். இவ்வளவும் அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, நம் வீட்டுச் சமையலறையில் கடப்பாக் கல் இல்லாமல் அலமாரி உண்டா? சுவரில் வெட்டி, கடப்பாவைச் செருகி, அதன் மேல் அரிசி மூட்டை, பித்தளைப் பாத்திரம், கிரைண்டர் என்று ஏற்றுகிறோம். நாலு அங்குல ஏ.ஏ.சி. சுவரில் அதைச் செய்து பார்த்தால் தெரியும். கீழே தரையிலிருந்து தாங்கு கல் கொடுத்தால்தான் நிற்கும். கீசர், பெரிய டிவி, சுவரில் தொங்குகிற வாஷ்பேசின் எல்லாவற்றுக்கும் அதற்கென்று உள்ள நீளமான ஃபாஸ்ட்னர் வாங்க வேண்டும், சாதா ஆணி அடித்தால் கையோடு வந்துவிடும். ஏ.ஏ.சி. கெட்ட கல் என்று நான் சொல்லவில்லை. பழகின ஆள் கிடைத்து, பில்லர் வீடாக இருந்து, மேற்பார்வைக்கு ஒருவர் நின்றால் தாராளமாகக் கட்டலாம், நானே கட்டித் தந்த வீடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

விலைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கல் என்ன விலை என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ஒரு சதுர அடி ஒன்பது அங்குலச் சுவருக்கு நம் ஊர் அளவுச் செங்கல் ஒன்பதிலிருந்து பத்து பிடிக்கும். பதினாறுக்கு எட்டு அங்குல முகம் உள்ள சாலிட் பிளாக் ஒன்றுக்குச் சற்று மேல். 600க்கு 200 மில்லி ஏ.ஏ.சி. பிளாக்கில் முக்கால் கல்லைக் கொஞ்சம் தாண்டும். அந்தக் கல்லோடு சாந்து அல்லது பசை, கூலி, உடைசல், இரண்டு பக்கப் பூச்சு, வலை, பெல்ட் எல்லாவற்றையும் கூட்டி, பூசி முடித்த சுவர் ஒரு சதுர அடி என்ன ஆகிறது என்று மூன்று பேரிடம் எழுதி வாங்குங்கள். செங்கல்லில் உள்பக்கம் ஒரு முகம் மேடு பள்ளமாக வருவதால் பூச்சு கனமாகும், பிளாக்கில் பூச்சு மெலிசு, அங்கே மிச்சமாகும். சுவர் கனம் குறைவதால் இடம் மிச்சம் என்பார்கள். 25க்கு 40 அடி வீட்டில் வெளிச்சுவரை ஒன்பதிலிருந்து எட்டு அங்குலமாக்கினால் கிடைப்பது பத்துப் பதினோரு சதுர அடி, ஒரு பீரோ வைக்கிற இடம். அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

செங்கல்லுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. திருமலை நாயக்கர் மகாலைக் காட்டி, 1636இல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினது இன்னும் நிற்கிறதே என்று டீக்கடையில் பேசுகிறவர்கள், அந்தத் தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. இன்றைக்கு லோடில் வருகிற கல் எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும். மானாமதுரை, திருப்புவனம் பக்கத்துச் சூளைகளில் நல்ல கல்லும் வருகிறது, சோடைக் கல்லும் வருகிறது, ஒரே லாரியிலேயே இரண்டும் வருகிறது. மேல் வரிசையில் செக்கச்செவேல் என்று அடுக்கி, நடுவில் வேகாத கல்லை வைத்துத் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் இறக்கும்போதே நடுவிலிருந்து நாலைந்தை உருவுங்கள். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று வர வேண்டும், மொத்தென்று வந்தால் வேகவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. ஒன்றை இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள், உடையக் கூடாது. ஒன்றை நீங்களே உடைத்து உள்ளே பாருங்கள், விளிம்பு முதல் நடு வரை ஒரே நிறமாக, கல், சுண்ணாம்புக் கட்டி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும், அந்தச் சுண்ணாம்புக் கட்டிதான் பின்னாளில் ஈரம் பட்டு ஊதிப் பூச்சைத் தெறிக்க வைக்கும். அப்புறம் நன்றாகக் காய்ந்த கல் ஒன்றைத் தராசில் வைத்து நிறுத்து, ஒரு பகல் ஒரு இரவு தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். மூன்று கிலோ கல் மூன்று கிலோ அறுநூறைத் தாண்டக் கூடாது, விதியில் உள்ள 20 சதவீதம் அதுதான். இன்னொரு கல்லை ஒரு தட்டில் ஓர் அங்குலத் தண்ணீரில் நிறுத்தி வைத்துக் காயவிட்டால் உப்பு பூக்குமா என்பதும் தெரிந்துவிடும். இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். அழுத்தி உடைக்கிற சோதனைக்குத்தான் ஆய்வகம் போக வேண்டும், சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளில் கட்டணம் கட்டினால் செய்து கொடுப்பார்கள், மொத்த வீட்டுச் செலவில் அது ஒரு பெரிய தொகையே இல்லை.

சூளைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சைக் கல் காயாது, சூளை படுத்துவிடும், விலை ஏறும், அந்த நேரத்தில் அவசரமாக வாங்குகிறவருக்கு அரைகுறைக் கல்தான் கிடைக்கும். மழைக்கு முன்னாலேயே வாங்கி அடுக்கித் தார்ப்பாய் போட்டுவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

சாம்பல் கல்லுக்கு நம் ஊரில் ஒரு நியாயம் இருக்கிறது. தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பல் எட்டுகிற தூரத்தில்தான் மதுரை இருக்கிறது. அனல் நிலையத்தைச் சுற்றிக் கட்டுகிறவர்கள் சாம்பல் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 1999இல் மத்திய அரசு அறிவித்து, 2016இல் அந்தச் சுற்றளவை 300 கிலோமீட்டர் ஆக்கியது. வயல் மண்ணை வெட்டாமல் இருக்கலாம், கல் ஒரே அளவாக வரும், பூச்சு குறையும். ஆனால் சாம்பல் கல் என்ற பெயரில் கிரஷர் பவுடரையும் பேருக்குச் சிமெண்டையும் அமுக்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அதன் முனையைக் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிரும். சாலிட் பிளாக்கிலும் இதே வியாதிதான், அங்கே கூடுதலாக வயசுக் குறைவு. விதிப்படி பதினாலு நாள் ஈரத்தில் வைத்து, அதற்கு மேல் நாலு வாரம் காயவிட்டு அனுப்ப வேண்டிய கல்லை, நேற்று அடித்து நாளை மறுநாள் லாரியில் ஏற்றுகிறார்கள். அது சுருங்க வேண்டியதையெல்லாம் உங்கள் சுவரில் வந்து சுருங்கும். மாசம் ஒன்று முன்னாலேயே வாங்கி மனையில் போட்டுக் காயவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மேலூர்ப் பக்கச் செம்மண் மனைக்காரர்கள் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற அழுத்தின மண் கல்லையும் யோசிக்கலாம். மணல் கூடின செம்மண்ணோடு 5 சதவீதம் போலச் சிமெண்ட் கலந்து கைப்பிரஸ்ஸில் அமுக்கி, சுடாமல், நாலு வாரம் ஈரத்தில் வைத்து எடுப்பது. கரிசலுக்கு இது தோதுப்படாது. மழை நேரே அடிக்காதபடி சன்ஷேடு நன்றாக வெளியே நீட்டியிருக்க வேண்டும். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கேரளத்தில் பரப்பின எலிப்பொறிக் கட்டும் இருக்கிறது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது, கல்லில் நாலில் ஒரு பங்கு மிச்சம், நடுவில் காற்று நிற்பதால் வெயிலும் குறைவாக இறங்கும். அது தெரிந்த கொத்தனார் மதுரையில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறார்கள், மின்குழாய் எங்கே போகும் என்பதையும் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதனாலேயே பலர் பாதியில் பின்வாங்கிவிடுகிறார்கள்.

ஏசி போட்ட மாதிரி இருக்கும் என்ற வரிக்கு வருகிறேன். செங்கல்லைவிட மூன்று, நாலு மடங்கு குறைவாகத்தான் ஏ.ஏ.சி. சூட்டைக் கடத்தும், வாஸ்தவம். ஆனால் மதுரையில் சித்திரையிலும் ஆவணியிலும் உச்சி வேளையில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது வெயில் வாங்குவது சுவரா, மொட்டை மாடியா? அஞ்சு அங்குல ஆர்.சி.சி. தளத்தை மொட்டையாக விட்டுவிட்டு, சுவருக்கு மட்டும் வெயிலைத் தடுக்கிற கல் வாங்கினவர் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டால் சூட்டுக் காற்றுதான் இறங்கும். முன்பெல்லாம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். இப்போது அதை வேலை அதிகம் என்று விட்டுவிட்டோம். தட்டோடு இல்லாவிட்டால் வெள்ளை கூலிங் டைல்ஸாவது, அதுவும் முடியாவிட்டால் வருஷா வருஷம் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். சுவர்களில் மோசம் மேற்குச் சுவர்தான். சாயங்கால வெயிலை முழுக்க அதுதான் வாங்கும். அந்தப் பக்கம் மட்டும் கனமாகவோ எலிப்பொறிக் கட்டாகவோ ஏ.ஏ.சி.யாகவோ யோசிக்கலாம், அல்லது ஒரு வேப்பங்கன்று நடலாம்.

தண்ணீரையும் விட்டுவிடக் கூடாது. போர் போட்டு முதலில் வருகிற உப்புத் தண்ணீரிலேயே கான்கிரீட் போட்டு, கியூரிங்கும் அதிலேயே செய்துவிட்டு, பிறகு சுவர் பொரிந்து உதிர்கிறது, கல் சரியில்லை என்று சூளைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ். 456இல் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் தெரிந்துவிடுகிற விஷயம். அப்புறம் சுவரை ஒரே நாளில் அஞ்சடிக்கு மேல் எழுப்ப விடாதீர்கள், குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் நாள்தான், அன்றைக்கு வீட்டுக்காரரே ஓஸைப் பிடிக்கலாம்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் எழுதுகிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று மெட்டீரியலோடு கான்ட்ராக்ட் விடுகிறவர்கள், ஒப்பந்தத்தில் 'நல்ல தரமான கல்' என்று எழுதி வாங்கி என்ன பிரயோஜனம்? கல்லின் வகை, அளவு, குறைந்தபட்ச வலிமை எத்தனை நியூட்டன், ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலவை, நாலரை அங்குலத்துக்கு ஒன்றுக்கு நாலு, உள்பூச்சு எத்தனை மில்லி, வெளிப்பூச்சு எத்தனை மில்லி, பில்லர் இணைப்பில் வலை உண்டா, மணல் எம்சாண்டா கிரஷர் டஸ்ட்டா, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். எழுதித் தர மாட்டேன் என்கிற கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

உங்களிடம் கேட்பது இரண்டு. வீட்டுமனைப் பக்கத்தில் மாதம் ஒருமுறை சிமெண்ட், கம்பி, கல் விலை போடுகிறீர்கள், அதில் கல் விலைக்குப் பதிலாகப் பூசி முடித்த சுவர் ஒரு சதுர அடிக்கு என்ன ஆகிறது என்று செங்கல், சாம்பல் கல், சாலிட் பிளாக், ஏ.ஏ.சி. நான்குக்கும் போடுங்கள், மதுரைக் கூலியில் கணக்குப் போட்டுத் தர நானும் இன்னும் சில மேஸ்திரிகளும் தயார். அடுத்த முறை பிளாக்கைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டால், கட்டி மூன்று மழை பார்த்த வீடு ஒன்றுக்குள் நிருபரை அனுப்பி, பில்லர் ஓரத்தையும் ஜன்னல் மூலையையும் படம் எடுத்து அதோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
ஒத்தக்கடை, மதுரை.